நடந்தது போதாதா, சுவாமி?

கடந்த பங்குனி மாதம், காலபோக அறுவடை முடிந்த கையோடு, முசலிப் பகுதியில் மீளக் குடியேறிய சில குடும்பங்களோடு ஒரு கூட்டம் நடத்தினோம். சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி விதைக்கலாம், கிணறுகளை எப்போது இறைத்துத் துப்புரவு செய்வது, யானைக்கு என்ன வழி என்பன பற்றிப் பேசினோம். எல்லாம் முடிந்தபின் நான் ஒரு யோசனையைச் சொன்னேன்.

"வாற சனிக்கிழமை விடிய நேரத்தோட அரிப்பில இருந்து சிலாவத்துறை வரைக்கும் கடற்கரையால ஒருக்கா நடந்து பார்ப்பம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

சிலர் சிரித்தனர். பின்னால் இருந்த ஒரு தாய் சிரிக்கவில்லை. "நாங்கள் நடந்தது போதாதா, சுவாமி?" என்று கேட்டார்.

கூட்டம் அமைதியாகி விட்டது. 2007 செப்டெம்பரில், கைக்குழந்தையை இடுப்பிலும் உடுப்புப் பொதியைத் தலையிலும் சுமந்துகொண்டு அந்தக் கரையை விட்டு வெளியேறியவர் அவர். அதன்பின் எத்தனை இடங்களுக்கு, எத்தனை தடவை நடந்தார் என்பதை அவரே எண்ணிச் சொல்ல மாட்டார். அவருக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. "விருப்பமானவர்கள் மட்டும் வாங்கோ" என்று கூறிக் கூட்டத்தை முடித்தேன். அந்தக் கேள்விக்குப் பின்னர் நான் கண்ட பதிலையே இங்கு எழுதுகிறேன்.

ஓடிய நடையும் உலாவிய நடையும்

எமது மக்களுக்கு நடை என்றால் என்ன என்பதை முதலில் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் வடபகுதியிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புத்தளத்தை நோக்கிச் சென்றனர். முசலியின் பல ஊர்கள் ஒரு சில நாட்களில் வெறுமையாயின. அதே ஆண்டில் என் பெற்றோர் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மடுவுக்குச் சென்றனர். 2007-ல் சிலாவத்துறை, அரிப்பு, முள்ளிக்குளம் மக்கள் வெளியேறினர். 2009 மே மாதம் போர் முடியும்வரை வன்னி மக்கள் நடந்த நடையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நடைகளில் எவரும் பாதையின் இரு பக்கத்தையும் பார்த்ததில்லை. முன்னே போகின்றவரின் முதுகையும், காலடியில் உள்ள நிலத்தையும், பிள்ளையின் முகத்தையும் மட்டுமே பார்த்தோம். எனவேதான் நடை என்றதும் எமது கால்கள் அஞ்சுகின்றன.

ஆனால் எமது பெற்றோருக்கு வேறொரு நடையும் தெரிந்திருந்தது. அதிகாலையில் குளக்கட்டால் போய்த் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று பார்த்து வருவார்கள். மாலையில் மாடுகளைத் தேடி அலைகரைக்குப் போவார்கள். ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு மடுவுக்கு நடப்பார்கள். வழியில் சமைத்து, மர நிழலில் படுத்து எழும்பி, மறுநாளும் நடப்பார்கள். அந்த நடையில் அவசரமில்லை, அச்சமுமில்லை. போரினால் நாம் இழந்தவற்றைப் பட்டியலிடும்போது வீடு, கிணறு, மாடு, உழவு இயந்திரம், தென்னை என எழுதிக் கொடுக்கிறோம். இந்த நடையை எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. அதற்கு நட்டஈட்டுப் படிவத்தில் ஓர் இடமும் இல்லை.

நாம் நடந்த வழி

சனிக்கிழமை விடியற்காலையில் பதினைந்து பேருக்கு மேல் வந்திருந்தனர். அந்தத் தாயும் தன் பன்னிரண்டு வயது மகளுடன் வந்திருந்தார். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

அரிப்புக் கோட்டையின் இடிந்த சுவரோரம் கூடினோம். போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, ஒல்லாந்தர் கைக்கு மாறிய சிறிய கோட்டை அது. பிள்ளைகளுக்கு அங்கே ஒரு கதை சொன்னேன். 1660-ல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட இளைஞர் றொபேட் நொக்ஸ், 19 ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் கைதியாக வாழ்ந்தார். இறுதியில் ஒரு தோழரோடு தப்பி, காட்டினூடாக ஆற்றோரமாகவே நடந்து, 1679 ஒக்டோபரில் இந்த அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டிய ஆறு வேறெதுவுமல்ல, எமது அருவியாறுதான். சிங்கள மக்கள் அதனை மல்வத்து ஓயா என்பர். 164 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறு, அநுராதபுரத்தைக் கடந்து வந்து அரிப்புக்கு அருகே கடலில் கலக்கிறது. "அப்ப அவரும் எங்களை மாதிரி அகதியா, சுவாமி?" என்று ஒரு சிறுவன் கேட்டான். "ஓம், அவரும் வீட்டைத் தேடி நடந்தவர்தான்" என்றேன்.

பின்னர் கடற்கரையால் தெற்கே நடந்தோம். மணல்மேட்டில் இராவணன் மீசை பரந்து கிடந்தது. அதற்குக் கீழே அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, வாப்பாவோடு ஊர் திரும்பியிருந்த ஒரு பையன், "இது என்ன கொடி?" என்று கேட்டான். எமது முதியோர் இருவர் ஒரே நேரத்தில் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் அரிப்பைச் சேர்ந்த கத்தோலிக்கக் கடற்றொழிலாளி. மற்றவர் 1990-ல் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளின் பின்னர் திரும்பிய முஸ்லிம் கமக்காரர். இந்தக் கொடியின் வேர்தான் மணலைக் காற்றுக்குப் பறக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று அவர்கள் பையனுக்கு விளக்கினார்கள்.

இன்னும் தெற்கே, கடலை நோக்கிய மேட்டில், இடிந்த பெரிய தூண்கள் தெரிந்தன. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். அல்லி அரசாணியின் கதை எமது கற்பனைக்குச் சொந்தமானது. கட்டடமோ முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்காக 1801-க்கும் 1804-க்கும் இடையில் கட்டிய மாளிகை. கடல் கரையை அரித்து அரித்து அதன் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது. இக்கரையில் நடந்த முத்துச் சலாபங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று 1905-ல் நடந்தது. மரிச்சுக்கட்டியில் காட்டோரமாக ஓலையாலும் தடியாலும் ஒரு பட்டினமே எழுந்தது. அராபியரும் கீழக்கரையாரும் எமது ஊரவரும் ஒரே கடலில் குளித்தனர். பருவம் முடிந்ததும் அந்தப் பட்டினம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எஞ்சியவை சிப்பிக் குவியல்கள் மட்டுமே.

இதனைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு வாக்குவாதம் தொடங்கியது. கரையிலிருந்து உள்ளே வயல்வெளிக்குப் போன பழைய ஒற்றையடிப் பாதை எந்த இடத்தில் தொடங்கியது என்பதுதான் பிரச்சினை. கடற்றொழிலாளிக்குக் கரையிலிருந்து பாலை மரம் வரையான பாதி தெரிந்திருந்தது. கமக்காரருக்கு வயலிலிருந்து அதே பாலை மரம் வரையான மறுபாதி தெரிந்திருந்தது. ஒருவர் கருவாடு கொண்டு போனவர். மற்றவர் நெல் கொண்டு வந்தவர். அவர்கள் சந்தித்த இடம் அந்த மர நிழல். இருவரது நினைவும் சேர்ந்தால்தான் பாதை முழுமையாகும். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

அப்போது அந்தத் தாய் வரிசையை விட்டு விலகி, உடை மரங்களுக்குள் இரண்டடி சென்று நின்றார். "இதாலதான் ஆடுகளுக்குத் தண்ணி காட்டப் போறனாங்கள். உள்ளுக்கை ஒரு நல்ல தண்ணி ஊற்று இருக்கு" என்றார். அவர் காட்டிய இடத்தில் பாதை இருக்கவில்லை. விடத்தல் முள் மூடிக் கிடந்தது. முள்ளுக்கு அப்பால் புதிதாக இழுத்த கம்பி வேலி ஒன்று தெரிந்தது. அது யாருடையதென்று வந்திருந்த எவருக்கும் தெரியவில்லை. மகள் தாயின் முகத்தைப் பார்த்து, "அம்மா, இது எனக்கு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே" என்றாள்.

பாதையும் ஒரு சொத்து

நடக்காத பாதை அழிந்துபோகும். முதலில் அதை முள் மூடுகிறது, பின்னர் வேலி வருகிறது, கடைசியில் ஒரு கடதாசி வருகிறது. முள்ளைக் கத்தியால் வெட்டலாம். கடதாசியை வெட்டக் கத்தி உதவாது.

முசலியில் இதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஊரார் இல்லாத ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் வளவுகளிலும் வயல்களிலும் காடு வளர்ந்தது. 2012-லும் பின்னர் 2017 மார்ச்சிலும் வெளியான வர்த்தமானிகளால் பெரும் பரப்புகள் பேணற்காடுகளாயின. திரும்பி வந்தவர்கள் தம் பழைய வளவைக் காட்டினால், அது காடு என்று பதில் வருகிறது. காடும் வேண்டும், வில்பத்துக்கு அயலில் வாழும் நாம் அதனை மறுக்க முடியாது. ஆனால் எது பழைய ஊர், எது பழைய காடு என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டுமே! அங்கே நடந்து பழகிய முதியவரைத் தவிர அதை வேறு யார் சொல்வார்?

சட்டத்திலும் ஒரு சிறிய கதவு உண்டு. நீண்டகால ஆட்சி பற்றிய 1871-ம் ஆண்டின் 22-ம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியூடாகப் பத்து ஆண்டுகள் தடையின்றி, எவரிடமும் தயவு கேளாமல், உரிமையோடு நடந்து வந்தவர் வழியுரிமை கோரி வழக்காடலாம். அரச காணிக்கு இது செல்லாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். உங்கள் விடயத்தில் இது எவ்வளவு தூரம் உதவும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவிலோ நம்பிக்கையான சட்டத்தரணியிடமோ கேட்டறியுங்கள். எப்படியாயினும் அங்கு கேட்கப்படும் முதற் கேள்விகள் மூன்று: யார் நடந்தார்கள்? எங்கிருந்து எங்கே நடந்தார்கள்? எப்போதிருந்து நடந்தார்கள்? இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

ஊர் இன்னும் விடுபடாதவர்களையும் மறக்கவில்லை. முள்ளிக்குளம் மக்கள் வெளியேறிய பின் அவர்களது ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. தொடர்ந்த போராட்டத்தின் பின், 2017 ஏப்ரலில் காணியின் ஒரு பகுதியை விடுவதாகக் கடற்படை அறிவித்தது. இவ்வாறான ஊர்களின் மக்கள் நடக்க முடியாத பாதைகளை நிலத்தில் வரையலாம். பங்கேற்புக் கிராமிய மதிப்பீட்டில் நாம் செய்வதுபோல், முற்றத்தில் சாம்பலால் கோடு போட்டு, குளத்துக்கு ஓர் ஓடு, கோயிலுக்கு ஒரு கல், மரத்துக்கு ஒரு புளியங்கொட்டை என வைத்து, பிள்ளைகள் சுற்றியிருக்க, ஊரை விரித்துக் காட்டுங்கள். பின்னர் அதைக் கொப்பியில் பிரதி செய்யுங்கள்.

எவ்வாறு நடப்பது?

இதற்குத் திட்டமோ நிதியோ தேவையில்லை. சில ஒழுங்குகள் மட்டும் போதும்.

முதலாவது, பாதுகாப்பு. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி வெடிகளை அகற்றி முடிப்பதற்கு 2028 ஜூன் முதலாம் திகதி தவணையாகக் குறிக்கப்பட்டது. தவணை எதுவாயினும், மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்துக்கு ஒரு அடியும் வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள்; வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். எவரும் புழங்காத காட்டுத் துண்டுக்குள் புதிதாக வழி வெட்டிப் பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, நேரம். மாரி மழை ஓய்ந்து, வெயில் கடுமையாகுமுன் உள்ள மாதங்கள் நல்லவை. வங்காலைப் பக்கம் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் கூடும் காலமும் ஏறக்குறைய அதுவே. கரையோரம் என்றால் விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். வில்பத்துக்கு அண்மிய ஊர்களில் நன்றாக வெளிச்சம் வந்த பின்னரே புறப்படுங்கள். மங்கலில் யானை நிற்கும். சுருட்டை விரியன் உள்ள நிலம் இது. காலுக்குச் செருப்பும் கைக்கு ஒரு தடியும் வேண்டும்.

மூன்றாவது, யாரோடு நடப்பது? ஒரு முதியவரும் ஒரு பிள்ளையும் இல்லாத நடை எமது நோக்கத்துக்கு உதவாது. முதியவர் விரைவாக நடக்கமாட்டார். அதுவே நல்லது, அவர் நிற்கும் இடங்களில்தான் கதை இருக்கிறது. அயலூரவரையும் அழையுங்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பாதையைப் பாதி பாதியாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை மேலே கண்டோம்.

நான்காவது, எங்கே? கடற்கரை ஒரு வழி. குளக்கட்டு மற்றொரு வழி. உதாரணமாக அகத்திமுறிப்புக் குளக்கட்டால் நடக்கும்போது துருசு எது, வான் எது, வாய்க்கால் எங்கே பிரிகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். அந்தக் காலத்து வட்டவிதானை எப்படித் தண்ணீர் பங்கிட்டார் என்பதையும் சொல்லலாம். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நாளை பேசப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகளே. மூன்றாவது வழி அருவியாற்றங்கரை. மருத மரங்களின் கீழே நிழல் குளிர்ச்சியானது. கோடையில் ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டினால் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். மணல் அள்ளப்பட்ட இடத்திலும் அள்ளப்படாத இடத்திலும் தோண்டிப் பாருங்கள். எந்தக் கருத்தரங்கும் கற்பிக்காத பாடத்தை அந்த இரு குழிகளும் கற்பிக்கும்.

ஐந்தாவது, எழுதி வையுங்கள். பாதையின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், இடையிலுள்ள மரம், கிணறு, பட்டி, மயானம், யார் யார் எதற்காக நடந்தார்கள் என்பனவற்றை ஒரு பிள்ளை கொப்பியில் எழுதட்டும். கைத்தொலைபேசியில் படமும் எடுக்கலாம். திகதி இட்டு, முதியவர்களின் கையொப்பத்தையும் வாங்கி வையுங்கள்.

சிலர் சொல்லலாம்: "வயிற்றுக்கு வழியில்லாதபோது உலாவப் போவதா? உல்லாசப் பயணிகளின் வேலை அது." இந்த எண்ணம் எனக்கும் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எமது கடற்கரையின் அழகை வெளியூரார் வந்து கண்டுபிடித்து, வேலி போட்டு, நுழைவுக்குப் பணம் வாங்கத் தொடங்கிய பின்னர் நாம் விழித்தெழுந்து பயனில்லை. அதன் ஒவ்வொரு வளைவையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்களாக நாமே முதலில் அங்கு நடமாட வேண்டும். ஆளில்லாத நிலத்துக்குத்தான் உரிமையாளர் பலர் வருவர்.

அந்தத் தாய்க்கு

சிலாவத்துறையை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஒரு வீட்டில் எமக்கெல்லாம் பச்சைத் தண்ணீரும் பின்னர் தேநீரும் தந்தார்கள். அந்தத் தாய் திண்ணையில் இருந்து பாதத்தில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் அருகில் சென்றேன். அவரே பேசினார்: "கத்தி கொண்டு வந்திருந்தா, அந்த விடத்தலை வெட்டிப் பார்த்திருக்கலாம், சுவாமி."

அடுத்த கிழமை அவரும் மகளும் வேறு நான்கு பெண்களும் கத்திகளோடு சென்றனர். வேலிவரை வெட்டிச் சென்று, அங்கிருந்து திரும்பினர். வேலி யாருடையது என்று கேட்டு இப்போது கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் இருக்கிறது. அதற்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. ஊற்றுக்கும் இன்னும் எவரும் போகவில்லை. ஆனால் கடிதத்தோடு இணைத்த வரைபடத்தை அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரைந்தாள். பாலை மரம், உடை மரங்கள், ஊற்று எல்லாம் அதில் இருக்கின்றன. தான் ஒருபோதும் கண்டிராத ஊற்றை அவள் சரியான இடத்தில் குறித்திருப்பதாகத் தாய் சொன்னார்.

"நடந்தது போதாதா?" என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் உள்ள பதில் இதுதான்: துரத்தப்பட்டு நடந்தது போதும், அம்மா. அது இனி எவருக்கும் வேண்டாம். எமது விருப்பத்தோடு, எமது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, எமது மண்ணில் நடக்கும் நடையை நாம் இன்னும் தொடங்கவேயில்லை.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். அது படர்ந்திருக்கும் கரைக்கு வரும் சனிக்கிழமை உங்கள் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். ஊர் விடுபடாதவர்கள் முற்றத்தில் சாம்பலை எடுத்து வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.